இனி உங்கள் கையெழுத்து செல்லாது



வங்கிக் கவுண்டரில் அடிக்கடி நடக்கும் ஒரு தகராறு உண்டு. பிள்ளை பெயரில் போட்ட வைப்புத்தொகை முதிர்ந்திருக்கும். அப்பா வருவார். ரசீதின் பின்பக்கம் தன் கையெழுத்தைப் போட்டு நீட்டுவார். பிறந்த தேதியைப் பார்த்தால் பிள்ளைக்கு 18 முடிந்து நாலு மாசம் ஆகியிருக்கும். "ஐயா, இனி உங்க கையெழுத்து செல்லாது. பையனை வரச் சொல்லுங்க" என்போம். அவ்வளவுதான், முகம் மாறிவிடும். "பணம் போட்டது நான், வளர்த்தது நான், என் கையெழுத்து செல்லாதா?" என்று சத்தம் போடுவார்கள். சிலர் சத்தம் போடாமல் ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விடுவார்கள். அவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

36 வருடம் வங்கியில் வேலை பார்த்தேன். இந்த வசனத்தை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. இந்த வருடம் அது எனக்கே வந்தது. மே மாதத்தில் என் மகளுக்கு 18 முடிந்தது.

நமக்குப் பெரும்பாலும் பயிர், மாடு, மண் பற்றித்தான் பேச்சு. ஆனால் வயல் வேலைக்கு நடுவில் நம் வீட்டுப் பிள்ளைகளும் 13, 14, 15 என்று ஏறிக்கொண்டே போகிறார்கள். களை எடுக்க ஆள் தேடுகிற அவசரத்தில் அதை நாம் சரியாகப் பார்ப்பதுகூட இல்லை. ஒருநாள் பெட்டி கட்டிக்கொண்டு நிற்கும்போதுதான் திடுக்கென்று இருக்கிறது. அதனால் இந்த முறை பிள்ளையைப் பற்றி எழுதுகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் 18 வயதில் மேஜர் என்பது 1875ல் வந்த சட்டம். அதுவரை அப்பாவோ அம்மாவோ கார்டியன், அதாவது காவலர். காவலர் என்பதைக் கவனியுங்கள். சொந்தக்காரர் என்று சட்டம் சொல்லவில்லை. மைனர் பிள்ளை பெயரில் தனியாக நிலம் இருந்தால், நீதிமன்ற அனுமதி இல்லாமல் அப்பாகூட அதை விற்க முடியாது. 1956ல் வந்த இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டத்தில் அப்படி இருக்கிறது. மீறி விற்றால், பிள்ளை மேஜரான பிறகு 3 வருடத்துக்குள் வழக்குப் போட்டு அந்தக் கிரயத்தை ரத்து செய்யக் கேட்கலாம். நிலம் வாங்குகிற நண்பர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அம்மாவின் கையெழுத்துக்கும் ஒரு கதை உண்டு. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்கப் போனபோது, அப்பாவின் கையெழுத்து வேண்டும் என்றார்கள். அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். அப்பா உயிரோடு இருந்தாலும் தாயும் இயற்கைக் காப்பாளராக இருக்க முடியும் என்று 1999ல் தீர்ப்பு வந்தது. அதற்கு முன்பு எத்தனையோ அம்மாக்களை "வீட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டு வாங்கம்மா" என்று எங்கள் கவுண்டர்களில் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

ஆக, பிள்ளை நம்மிடம் 18 வருடக் காவலில் இருக்கிற ஓர் உயிர். கெடு தேதி பிறந்த அன்றே தெரியும். தெரிந்தும் நாம் தயாராக இருப்பதில்லை. கடன் தவணைக்குக்கூட முன்கூட்டியே பணம் எடுத்து வைக்கிறோம். இதற்கு என்ன எடுத்து வைக்கிறோம்?

நானும் மகளும் சேர்ந்து வளர்ந்த 5 வருடம்

எங்களுக்குக் கல்யாணமாகி 14 வருடம் கழித்துப் பிறந்தவள் மகள். 2020ல் நான் ஓய்வு பெற்று வந்தவாசிப் பக்கம் சொந்த ஊருக்கு வந்தபோது அவளுக்கு 13 வயது. தாத்தா காலத்து நாலு ஏக்கர், ஒரு கிணறு, கொஞ்சம் ஏரிப் பாய்ச்சல். எனக்கு வயது 60. ஆனால் விவசாயத்தில் நான் பால்வாடிப் பிள்ளை. ஊரில் இன்றைக்கும் 'மேனேஜரு' என்றுதான் கூப்பிடுகிறார்கள். 'மேனேஜரு வரப்பு போடறாரு பாரு' என்று சிரிப்பார்கள்.

கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடியிருந்த காலம் அது. எட்டாம் வகுப்பு முழுக்க அவள் செல்போனில்தான் படித்தாள். டவர் கிடைக்கிற இடம் கிணற்று மேடு ஒன்றுதான். கணக்குப் பாடம் முடிந்ததும் போனை இடுப்பில் செருகிக்கொண்டு வயலில் இறங்குவாள். அமுதக் கரைசல் கலக்குவதும், கோனோவீடர் ஓட்டுவதும், விதை நெல்லை உப்புக் கரைசலில் போட்டுப் பதர் நீக்குவதும் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகக் கற்றுக்கொண்டவை. அந்த வருடச் சம்பாவில் மாப்பிள்ளைச் சம்பா நட்டோம். கார்த்திகையில் அவள் வரப்பில் நடந்தால் பயிருக்கு மேலே சடை ரிப்பன் மட்டும் தெரியும்.

அந்த ஐப்பசியில் எங்கள் நாட்டு மாடு கன்று போட்டது. ராத்திரி ஒரு மணி. குளம்பு தெரிந்து அரை மணி ஆகியும் வெளியே வரவில்லை. எங்கள் வயலில் வேலை செய்கிற பெரியவர் இழுக்க, மகள் லாந்தர் பிடித்துக்கொண்டு நின்றாள். கன்றின் மூக்கிலிருந்த சளியை அவள்தான் துடைத்தாள். அன்றிலிருந்து அந்தக் கிடாரி அவள் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். சீம்பால் குடிக்க வைப்பதும், பூச்சி மருந்துக்கு நாள் குறிப்பதும், மழைக்கு உள்ளே கட்டுவதும் அவள் வேலை. நான் நினைவுபடுத்தக் கூடாது என்பது எங்களுக்குள் ஒப்பந்தம்.

15 வயதில் 25 சென்ட்

பத்தாம் வகுப்பு வந்ததும் பேச்சு குறைந்துவிட்டது. உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும். 'ம்', 'இல்ல', 'அப்புறம்' என்று மூன்றே சொற்களில் ஒரு நாள் ஓடிவிடும். கதவு சாத்தியே இருக்கும். என் மனைவி கவலைப்பட்டாள். எதிரே உட்கார வைத்து "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டால் ஒன்றும் வராது. பக்கத்தில் உட்கார்ந்து மல்லாட்டை உரிக்கும்போது எல்லாம் வரும். கை வேலையில் இருக்க வேண்டும், கண் பார்க்கக் கூடாது, அப்போது வாய் தானாகத் திறக்கும். தோழியோடு சண்டை, டீச்சர் மேல் கோபம், சென்னையில் படிக்கிற ஆசை எல்லாம் எனக்குத் தெரிந்தது மல்லாட்டைக் கூடைக்குப் பக்கத்தில்தான். இயந்திரத்தில் உரித்தால் அரை மணி வேலை. விதைக்கென்று கையால் உரிப்பதில் எனக்கு இப்படி ஒரு லாபம்.

அந்த வருடம் கிணற்று மேட்டை ஒட்டி 25 சென்ட் நிலத்தை அவளுக்கு ஒதுக்கினேன். என்ன விதைப்பது, எப்போது நடுவது, யாரைக் கூப்பிடுவது எல்லாம் அவள் முடிவு. 10 வயது நிரம்பிய பிள்ளைகள் தாங்களே சேமிப்புக் கணக்கு தொடங்கி நடத்தலாம் என்று 2014ல் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. சிறு வயதில் நான் கார்டியனாக இருந்து தொடங்கிய கணக்கு அப்படியே இருக்க, இந்த 25 சென்ட்டுக்காக அவளே கையெழுத்துப் போட்டு ஒரு கணக்கு தொடங்கினாள். அதில் 5,000 ரூபாய் போட்டேன். 'இது தானம் இல்ல, முதல். திரும்ப வரணும்' என்றேன். பழைய உத்தியோகப் புத்தி!

அவள் முள்ளு கத்தரி நட்டாள். வேலூர் இலவம்பாடி முள்ளு கத்தரி தெரியும் இல்லையா, 2023ல் புவிசார் குறியீடு வாங்கியதே, அதே ரகம். வரிசைக்கு வரிசை இடைவெளி தாராளமாக விட்டாள். ஓரத்தில் செண்டுமல்லி. எல்லாம் நன்றாக வந்தது. காய்க்கிற நேரத்தில் தண்டுத் துளைப்பான் வந்துவிட்டது. கொழுந்து வாடித் தொங்கியது. காயில் ஓட்டை.

நான் வரப்பிலேயே நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டு இருந்ததைப்போல் கஷ்டமான வேலை நான் வங்கியிலும் செய்ததில்லை. மூன்றாம் நாள் அவளே பெரியவரிடம் போய்க் கேட்டாள். வாடிய கொழுந்துகளைக் கிள்ளி எரித்தாள். ஐந்து கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஊற வைத்து, 100 லிட்டர் கணக்கில் கரைசல் போட்டு, சாயங்காலமாகப் பார்த்துத் தெளித்தாள். நாலு இனக்கவர்ச்சிப் பொறி வாங்கிக் கட்டினாள். முதல் காய்ப்பில் பாதி போயிற்று. அடுத்தடுத்த பறிப்புகள் தேறின. சந்தைக்குப் போனது, வீட்டு வாசலில் விற்றது எல்லாம் சேர்த்துக் கடைசியில் நோட்டில் 1,460 ரூபாய் லாபம் எழுதியிருந்தாள். கீழே ஒரு வரி: 'அம்மா சமைத்த 9 கிலோ கணக்கில் சேரவில்லை.'

களை எடுத்த அக்காமார்களுக்கு ஊர்க்கூலியை அவள் கையால்தான் கொடுத்தாள். 'சின்ன முதலாளியம்மா சில்லறை சரியா இருக்கா?' என்று கேலி செய்தார்கள். ஊரில் சிலர் என்னிடமே கேட்டார்கள்: "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு மம்பட்டி? நாளைக்கு வேற வீட்டுக்குப் போறவதானே?" தமிழ்நாட்டில் 1989லேயே மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று சட்டம் வந்துவிட்டது. 2005ல் நாடு முழுக்க வந்தது. பங்கு இருக்கிறவளுக்கு மடை எங்கே, வாய்க்கால் எங்கே, நாலு எல்லைக் கல் எங்கே என்று தெரிய வேண்டாமா என்று திருப்பிக் கேட்டேன். அப்புறம் யாரும் கேட்கவில்லை.

ஃபெஞ்சல் புயலும் ஒரு போன் காலும்

2024 நவம்பர் கடைசி. கண்புரை ஆபரேஷனுக்காக நான் சென்னையில் மைத்துனர் வீட்டில் இருந்தேன். ஒரு கண்ணில் கட்டு. ஊரில் மகளும் மனைவியும் மட்டும். நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை ஏறியது. ஏறிய இடத்திலேயே நின்று கொட்டியது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்கள் எப்படி மூழ்கின என்று நம் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. திருவண்ணாமலையில் மலையடிவாரத்தில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தது அப்போதுதான்.

எங்கள் ஊரில் கரண்ட் போய், டவரும் போய்விட்டது. இரண்டு நாள் போன் போகவில்லை. வயலில் இரண்டு ஏக்கர் தூயமல்லி, பால் பிடிக்கிற பருவம். ஒற்றைக் கண்ணோடு டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தேன். மாடு, கிணறு, விதைக் குதிர், ஓட்டு வீடு என்று ஒவ்வொன்றாக நினைத்து நினைத்து ராத்திரி தூக்கமில்லை.

மூன்றாம் நாள் காலையில் போன் வந்தது. "அப்பா, நாங்க நல்லா இருக்கோம். கண்ணுக்கு மருந்து ஊத்தினீங்களா?" இதுதான் அவள் முதல் வார்த்தை.

பிறகுதான் மெல்ல மெல்லச் சேதி வந்தது. சனிக்கிழமை மத்தியானமே மாடு கன்றுகளை மேட்டுக் களத்துக்கு ஓட்டிவிட்டார்கள். விதை நெல் மூட்டைகளைத் தாயும் மகளுமாகப் பரண் மேல் ஏற்றினார்கள். ஞாயிறு விடியும்போது பெரியவரைக் கூட்டிக்கொண்டு போய், வயலின் தெற்கு வரப்பை இரண்டு இடத்தில் வெட்டி வாய்க்காலுக்குத் தண்ணீரைத் திருப்பினாள். பயிர் சாய்ந்துவிட்டது. மழை விட்டதும் ஆட்களை அழைத்து, நாலு நாலு தூராகச் சேர்த்துத் தூக்கிக் கட்டச் சொன்னாள். இரண்டு ஏக்கரையும் கட்ட ஆளும் இல்லை, காசும் இல்லை. "விதைக்கு விட்ட அரை ஏக்கரை மட்டும் கட்டினேம்பா. மத்தது வந்தவரைக்கும் வரட்டும்னு விட்டுட்டேன். சரியா?" என்று கேட்டாள்.

'சரிம்மா' என்றேன். அதற்கு மேல் பேச வரவில்லை.

வழக்கமாக 30 மூட்டை காணும் வயலில் அந்த வருடம் 17 மூட்டைதான். ஆனால் விதை தப்பித்தது. எதை விட்டுக்கொடுத்து எதைக் காப்பாற்றுவது என்று 17 வயதில் அவளாகவே முடிவு எடுத்திருக்கிறாள். நெஞ்சு நிமிர்ந்தது என்று சொன்னால் மிகையில்லை. சந்திக்கிற எல்லோரிடமும் சொன்னேன், டாக்டரிடம்கூடச் சொன்னேன்.

அன்று ராத்திரி படுத்தபோது வேறொன்றும் வந்தது. நான் இல்லாமலே எல்லாம் நடந்திருக்கிறது. பயந்து என் கையைப் பிடித்தவள் 'மருந்து ஊத்தினீங்களா' என்று என்னைக் கேட்கிற இடத்துக்கு வந்துவிட்டாள். பெருமையும் வலியும் தனித்தனியாக வந்தால் சமாளிக்கலாம். இரண்டும் ஒரே மூட்டையில் வருகிறது. பதர் நீக்குகிற மாதிரி ஒன்றை மட்டும் தூற்றி எடுக்க வழியில்லை.

விவசாயம் படிக்க மாட்டேன் என்றாள்

பிளஸ் டூ முடிந்ததும் ஊரே ஒரு முடிவு கட்டி வைத்திருந்தது. மேனேஜர் மகள் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்குத்தான் போவாள் என்று. எனக்கும் உள்ளூர அந்த ஆசை இருந்தது. அவள் புள்ளியியல் படிக்கிறேன் என்றாள், சென்னையில்.

காரணம் கேட்டேன். கேட்டது மல்லாட்டைக் கூடைக்குப் பக்கத்தில்தான். "விவசாயம் இங்கேயே இருக்குப்பா, நீங்க இருக்கீங்க, தாத்தா இருக்காரு" என்றாள். தாத்தா என்றது பெரியவரை. "எனக்கு அந்த நோட்டுதான் பிடிச்சிருக்கு" என்றாள்.

எந்த நோட்டு என்று சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்பில் ஒரு பாடத்துக்காகக் களத்து நடுவில் மழைமானி வைத்தாள். பக்கம் நேராக இருக்கிற ஒரு டின், மேலே வாய், உள்ளே போட்டு அளக்க மில்லிமீட்டர் ஸ்கேல். வானிலைத் துறை காலை 8:30க்குத்தான் மழையளவை எடுக்கும் என்று படித்துவிட்டு, அவளும் அதே நேரத்துக்கு எடுப்பாள். பாடம் முடிந்தும் நிறுத்தவில்லை. ஐந்து வருட மழை, நாள் நாளாக அந்த நோட்டில் இருக்கிறது. ஃபெஞ்சல் நாளில் டின் நிரம்பி நிரம்பி இரண்டு தடவை கொட்டி அளந்திருக்கிறாள். வரப்பை வெட்டப் போன காலையிலும் விடவில்லை. பக்கத்திலேயே நடவு தேதி, பூச்சி வந்த தேதி, மாடு சினை பிடித்த தேதி. இதையெல்லாம் சேர்த்து வைத்துப் பார்த்தால் என்ன தெரியும் என்று படிக்கத்தான் போகிறாளாம்.

நம் பிள்ளைகள் எல்லோரும் ஏர் பிடிக்கத் திரும்பி வருவார்கள் என்று நாம் எழுதி வாங்கிக்கொள்ள முடியாது. ஆதிரங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய விதைத் திருவிழாவில் இரண்டு கிலோ விதை வாங்கினால் அடுத்த வருடம் நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பார்கள். விதைக்கு அப்படி வாங்குவது நியாயம். பிள்ளைக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. அவர்கள் திருப்பித் தருவது வேறு நெல்லாகவும் இருக்கலாம், வேறு வயலிலும் இருக்கலாம்.

கையெழுத்து மாறிய நாள்

ஜூன் மாதம் இரண்டு பேரும் வங்கிக்குப் போனோம். சிறு வயதில் நான் தொடங்கிய கணக்கை அவள் பெயருக்கே முழுதாக மாற்ற வேண்டும். புதுப் படிவம், புதுப் படம், மாதிரிக் கையெழுத்து. கவுண்டரில் இருந்த பெண் என்னைப் பார்த்து, "சார், இனி நீங்க கையெழுத்துப் போட வேண்டாம்" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். நான் சத்தம் போடவில்லை. தெரிந்த வசனம்தானே. மகள் குனிந்து இரண்டு கோடுகளில் வளைத்து ஒரு கையெழுத்துப் போட்டாள். பாதி எழுத்து எனக்குப் படிக்கவே வரவில்லை. வாங்கிய 5,000 ரூபாயை அங்கேயே என் கணக்குக்கு மாற்றினாள். வட்டி தரவில்லை, நானும் கேட்கவில்லை.

விடுதிக்குக் கிளம்பும்போது அவள் அம்மா பருப்புப் பொடி, செக்கு எண்ணெய், கைக்குத்தல் அரிசி என்று அடுக்கினாள். "ஹாஸ்டல்ல அரிசியை எங்கம்மா பொங்கறது?" என்று சிரித்துக்கொண்டே எடுத்து வெளியே வைத்தாள். தொழுவத்துக்குப் போய் அவள் கிடாரியைத் தடவிவிட்டு வந்தாள். கிடாரி என்கிறேன், அது போன வருடமே கன்று போட்டுத் தாயாகிவிட்டது.

நாற்றைப் பிடுங்கி நட்டால் நாலைந்து நாள் வாடித்தான் நிற்கும், பிறகு பச்சை கட்டிக்கொள்ளும். சென்னையில் மகளும் ஒரு வாரம் அழுதாள், இப்போது தேறிவிட்டாள். நாற்று பிடுங்கிய நாற்றங்கால் கொஞ்ச நாள் வெறுமையாகக் கிடப்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நானும் மனைவியும் இப்போது அப்படித்தான் கிடக்கிறோம். சாயங்காலம் வீடு ரொம்பப் பெரியதாகத் தெரிகிறது.

வளரும் பிள்ளை இருக்கிற நண்பர்களுக்கு என் அனுபவத்தில் இதைத்தான் சொல்லுவேன். 13 வயதில் ஓர் உயிரைப் பொறுப்பில் விடுங்கள், ஆட்டுக்குட்டியோ கோழியோ எதுவானாலும். 15 வயதில் 10 சென்ட் நிலமாவது, ஒரு வங்கிக் கணக்காவது, ஒரு வரவு செலவு நோட்டாவது கொடுங்கள். நஷ்டம் வந்தால் வரப்பில் நில்லுங்கள், உள்ளே இறங்காதீர்கள். 17 வயதில் இரண்டு நாள் பண்ணையை அவர்களிடம் விட்டுவிட்டு எங்கேயாவது போய் வாருங்கள். 18 ஆகிற அன்று மொத்தமாகப் பிடுங்கிக் கொடுக்கிற மாதிரி இருக்காது. சாவி ஒவ்வொன்றாகக் கை மாறியிருக்கும். அப்போதும் வலிக்கும். ஆனால் தாங்கலாம்.

மழை நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். இப்போது டின்னில் அளப்பது என் வேலை. காலை ஒன்பது மணிக்குள் எண் போகவில்லை என்றால் போன் வந்துவிடும். போன வாரம் ஒருநாள் தூறல்தானே என்று எழுதாமல் இருந்தேன். "அரை மில்லிமீட்டரா இருந்தாலும் எழுதணும்பா. மழையே இல்லன்னா பூஜ்யம்னு எழுதணும். வெறுமையா விடக் கூடாது" என்றாள்.

எழுதி வருகிறேன்.